ஸ்டேஷன் கொட்டகை

வட ஆற்காடு ஜில்லா
3 செப்டம்பர் 1902

சௌபாக்கியவதி தாயம்மாவுக்கு நாயனாவின் ஆசீர்வாதம்.

மூன்று வருஷமாக என் கடிதங்களுக்கு மாப்பிள்ளை கோவிந்தன்தான் பதில் எழுதுகிறார். உனக்குக் கை நோகிறது என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை. முனிசிபல் சேர்மன் வேலை போய் ஒரு வருஷமாகிறது. நான் போட்ட குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் அம்மா இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. தங்கவயலுக்கே, கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் வந்து உன்னோடு இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன். நீயே ஒரு வரி எழுது.

சம்பங்கி

கோரமண்டல்
14 செப்டம்பர் 1902

நாயனா அவர்களுக்குத் தாயம்மாவின் நமஸ்காரம்.

கைக்கு ஒன்றுமில்லை. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்ததிலிருந்து அவருக்கு ஷிப்டு ஓய்வதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

பிளேக் வருஷத்தில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஓடி வந்தேன். தங்கவயலிலிருந்து வருகிறவர்களைப் பத்து நாள் ரயில் ஸ்டேஷன் கொட்டகையில் தனியே வைக்க நீங்கள் உத்தரவு போட்டிருந்தீர்கள். மகளுக்கும் அதுதான் என்றீர்கள். அம்மா போன சேதியை வேலிக்கு வெளியே நின்று சொன்னீர்கள். எல்லாருக்கும் ஒரே உத்தரவுதானே என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன்.

போன மாதம் நம்மூர்த் தறிக்கார ராஜப்பாவின் பெண்சாதி இங்கே வந்திருந்தாள். அதே கொட்டகையிலிருந்து அவளை மூன்றாம் நாளே விட்டுவிட்டீர்களாமே. மெய்தானா?

தாயம்மா

வட ஆற்காடு ஜில்லா
20 செப்டம்பர் 1902

தாயம்மாவுக்கு,

மெய்தான். நீ ரயிலேறிப் போன மறுவாரம் அது. உன் அழுகை என் காதை விட்டுப் போகவில்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தங்கவயலுக்குப் போய் வந்தவள் அவள். "எம் புள்ள பாலில்லாம செத்துப்புடும் சாமி, வுட்டுடுங்க" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையாலேயே திறந்துவிட்டேன். நல்லகாலம், யாருக்கும் நோய் வரவில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்ததும், போன வருஷம் அதைச் சொல்லித்தான் என்னை இறக்கினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உன்னை நிறுத்தியது சரி, மகளே. அவளை விட்டதுதான் தப்பு.

நான் வரட்டுமா?

சம்பங்கி

கோரமண்டல்
1 அக்டோபர் 1902

நாயனா அவர்களுக்கு,

"பெரியவரு தனியா இன்னா பண்ணுவாரு, வரச் சொல்லு" என்றார் அவர். வாருங்கள். பௌரிங்பேட்டையில் வண்டி மாறவேண்டும். பின்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் தாத்தா வருகிறார் என்று லைன் வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள். வேளைக்குச் சோறு போடுவேன், குறை வைக்கமாட்டேன். என்னிடம் பேச்சை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் செய்தது சரி என்று நானும் சொல்கிறேன். அந்தத் தப்பை அம்மாவுக்காக ஒரு தரம் செய்திருக்கக் கூடாதா, நாயனா?

தாயம்மா