சனிக்கிழமை வரை கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, இரவு.

நேற்றுக் காலை பேராதனைக்குக் கிட்ட, தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்த செல்வராஜை ரயில் அடித்துக் கொன்றுவிட்டது. இன்று விசாரணை. அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

தினமும் வேலை தொடங்குமுன் கங்காணி ரயில் வரும் நேரங்களை ஆட்களிடம் சொல்லி, கொப்பியில் கையெழுத்து வாங்க வேண்டும். விசாரணை அதிகாரி அந்தக் கொப்பியைக் கேட்டார். கங்காணி கொடுத்தார். நேற்றைய பக்கத்தில் செல்வராஜின் கையெழுத்து இருந்தது. அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். இன்றைய பக்கத்திலும் இருந்தது. சனிக்கிழமை வரை இருந்தது.

"திங்கக்கிழமையே முழுக் கிழமைக்கும் சேர்த்து வாங்கிருவோம் சேர்," என்றார் கங்காணி. "மழையில கொப்பி நனைஞ்சிருது."

நேற்று நேரம் சொன்னீர்களா என்று அதிகாரி கேட்டார். கங்காணி என்னைப் பார்த்தார்.

அதிகாரி கொப்பியை என் பக்கம் தள்ளினார். சனிக்கிழமைப் பக்கத்தின் அடியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து என்றார்.

"என்னோடதுதான் சேர்," என்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சோறு சாப்பிட்டேன். அழுகை வரவில்லை.

நாளைய பக்கத்திலும் செல்வராஜும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வேலைக்கு நான் மட்டும் போக வேண்டும்.