எஞ்சினப் பெருசாக்கப் போற மகனுக்கு

என் செல்ல மகனுக்கு, பெரியம்மா எழுதுறது. ஆண்டவன் புண்ணியத்துல நாங்க இங்க கை கால் சுகத்தோட இருக்கோம், உன் பெரியப்பாவோட முழங்கால் ஒண்ணுதான் சுகமில்ல, அது மழை வர்றதுக்கு முன்னாடியே மழையச் சொல்லிடுது. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான் தினமும் சாமி முன்னாடி நிக்கும்போது மொதல்ல கேப்பேன், ஆனா நேத்து மட்டும் மருமக நல்லா இருக்கட்டும், அவனுக்குப் புத்தி வரட்டும்னு தனித்தனியா வேண்டிக்கிட்டேன். ஏன்னு கேக்குறியா, சொல்றேன்.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு, குழாய்க்காரர் நாளைக்கு வரேன்னு சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டுறாரு, அடியில வாளி வச்சு அந்தத் தண்ணியிலயே நான் துணி அலசிக்கிறேன். உன் தங்கச்சிக்கு வேலை கூடிப்போச்சு, வீட்டுக்கு வந்ததும் செருப்பக் கழட்டாமலே சோபாவுல சாஞ்சுடுறா. அதெல்லாம் கிடக்கட்டும். போன ஞாயித்துக்கிழம அவ புருஷனுக்கு நீ போன் பண்ணுனியே, அவர் வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டு ஊருக்கே கேக்குற மாதிரிதான் பேசுனாரு, நான் பக்கத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்கிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டேன். தூரப் பயணத்துக்குன்னு வாங்குன அந்த நல்ல வண்டியில சிலிண்டரக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போடலாமான்னு நீ கேட்ட. யோசனை கேக்குறதுக்கு நல்லா ஆளு புடிச்ச போ. நீச்சல் தெரியாம முங்குனவன்கிட்ட ஆழம் கேட்ட கதைதான். பண்ணு மச்சான், வண்டி பறக்கும்னு அவரும் கூசாம சொன்னாரு. சொல்லும்போது அவரோட வண்டி எஞ்சின் எங்க இருந்துச்சு தெரியுமா, அவர் கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரே அதே கட்டிலுக்கு அடியில, சாக்குல துண்டு துண்டா கட்டிக் கிடந்துச்சு. உன்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்தை விட்டாரா? மாப்பிள்ளைய மரியாதை இல்லாம பேசக் கூடாதும்பாங்க, அதனால அவர் இவர்னு சொல்லியே திட்டுறேன்.

நடந்தத நான் சொல்றேன் கேட்டுக்க. இங்க ஒரு மெக்கானிக் இருக்கான், ரேஸுன்னுதான் தெருவே கூப்பிடுது, அவன்கிட்ட வண்டியக் குடுத்து நீ கேட்ட மாதிரியே சிலிண்டரக் குடைஞ்சு பெரிய பிஸ்டன் போட்டாரு, காத்து வடிகட்டுற டப்பாவத் தூக்கி எறிஞ்சுட்டு ஐஸ்கிரீம் கூம்பு மாதிரி ஒண்ண மாட்டுனாரு, சைலன்சர் மாத்துனாரு. அது கத்துன கத்துல பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கத்துல எந்திரிச்சு அழுதுச்சு, இவருக்கு ஒரே பெருமை. அந்த ரேஸு பய கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் விட்டிருக்கான், புதுசாக் குடைஞ்சது சார், உள்ள உரசிப் பழகுற வரைக்கும் கொஞ்ச நாளைக்கு முறுக்காம மெதுவா ஓட்டுங்கன்னு. அதுக்கு நம்ம மகாராசா, பவர் ஏத்துனதே மெதுவாப் போறதுக்காடான்னு கேட்டாராம். கடையில இருந்து வீட்டுக்குக் கூட வரல, மூட்டைய ஏத்திக்கிட்டு ஆபீஸ் கூட்டாளிங்களோட நேரா மலை ரோட்டுக்கே போய்ட்டாரு. பாதி மலையில பிஸ்டன் சூட்டுல உப்பிப் புடிச்சுக்கிச்சு, பின் சக்கரம் சுத்தாம நின்னு போச்சு, வண்டி ஒரு பக்கம் இவர் ஒரு பக்கம். வீடு கட்டுறதுக்கு ரோட்டோரம் யாரோ கொட்டி வச்ச மணல் குவியல் இவரத் தாங்குச்சு, அந்த மணல அங்க கொட்ட வச்சது யாருன்னு எனக்குத் தெரியும், நான் தினம் கும்பிடுறவன்தான். முழங்கை தேஞ்சதோட போச்சு. வண்டி லோடு வண்டியில தார்ப்பாய் மூடி வந்துச்சு, எதிர் வீட்டுத் தையக்காரம்மா புது பிரிட்ஜா வாங்குனீங்கன்னு கேட்டாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன், வேற என்ன சொல்ல. இன்சூரன்சுக்காரங்களும் எஞ்சின மாத்துனப்ப எங்ககிட்ட சொன்னீங்களான்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க, கைய விரிச்சுட்டாங்க. இப்ப உன் தங்கச்சி ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து ஆபீசுக்குப் போறாரு, யாரும் அடையாளம் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு ஹெல்மெட் கண்ணாடிய இறக்கி விட்டுக்கிட்டு, ஆபீஸ் வர்றதுக்கு ஒரு திருப்பம் முன்னாடியே இறங்கி நடக்குறாராம். இவர்தான் உன் குரு.

இதோட விட்டிருந்தா நானும் சிரிச்சுட்டு விட்டிருப்பேன், பெரியப்பாவும் அவன் வளந்த ஆளு விடுன்னாரு. ஆனா செவ்வாக்கிழம மருமக போன் பண்ணுனா. சும்மாதான் பண்ணுனேன்னு சொல்லிட்டு அதையும் இதையும் பேசிட்டு, கடைசியில, அத்தை நான் ரொம்ப வெயிட்டாவா தெரியுறேன்னு கேட்டா. ஏம்மா இப்படிக் கேக்குறன்னேன், ஒண்ணுமில்லன்னா. நான் விடுற ஆளா, புடிச்சுக் குடைஞ்சேன். அவ பின்னாடி உக்காந்தா மேட்டுல வண்டி திணறுதுன்னு நீ சொன்னியாமே? உன் கூட்டாளிங்க எல்லாம் முன்னாடி போய் டீக்கடையில நின்னு, என்னப்பா குடும்பஸ்தன் வந்தாச்சான்னு கிண்டல் பண்ணுறாங்களாமே? அதனால அடுத்த பயணத்துக்கு அவள விட்டுட்டுப் போறியாம், எஞ்சின மாத்துனப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னியாம். அவ இப்ப ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டாடா. பசிக்கலன்னு உன்கிட்ட சொல்லியிருப்பா, நீயும் சரின்னு தலையாட்டிட்டு போன்ல எவனோ பிஸ்டன் மாத்துற வீடியோவப் பாத்துக்கிட்டே உன் தட்டக் காலி பண்ணியிருப்ப.

உனக்கு வெக்கமா இல்ல? நாலு வெட்டிப் பயலுக டீக்கடையில சிரிச்சானுகன்னு கட்டுன பொண்டாட்டிய மூட்டைக் கணக்குல சேத்துட்டியே. உங்கம்மா போனதுக்கப்புறம் உன்ன நாந்தான் வளத்தேன், சோத்தப் போட்டு வளத்தேனே தவிர அறிவப் போட மறந்துட்டேன் போல. ஓடுறதுக்குப் பலம் ஏத்துறேங்குறியே, நிக்கிறதுக்கு என்ன ஏத்துன, பிரேக் அதே பழைய பிரேக்குதான? செய்யுறவன் எல்லாம் முட்டாளான்னு கேப்ப. பந்தயத்துக்கு ஓட்டுறவன் செய்யட்டும், அவன் வண்டிக்குப் பின்னாடியே ஸ்பானரோட நாலு பேர் ஓடி வருவாங்க. நீ ஆளில்லாத காட்டு ரோட்டுல போறவன், உனக்கு வேண்டியது வழியில நிக்காத எஞ்சின், பறக்குற எஞ்சின் இல்ல. பறக்கணும்னா ஆண்டவன் உனக்கு றெக்க வச்சே அனுப்பியிருப்பான்.

நீ அனுப்புன போட்டோவ மறுபடி எடுத்துப் பாத்தேன். வண்டிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு அலுமினியப் பொட்டி, பின்னாடி ஒரு பொட்டி, அதுக்கு மேல உருட்டிக் கட்டுன கூடாரம், முன்னாடி கேமரா. அவ எங்கன்னு தேடுனா அந்தப் பொட்டிக்கும் உனக்கும் நடுவுல ஒரு தோள்பட்டையும் கொஞ்சம் தலைமுடியும் தெரியுது. ஓட்டலுக்கு ஓட்டல் தங்குறவனுக்கு எதுக்குடா கூடாரம்? பொட்டிக்குள்ள அடுப்பும் மடக்கு நாற்காலியும் இருக்குன்னு அவதான் சொன்னா, ஒரு தடவ கூட வெளிய எடுத்ததில்லையாம். இத்தனையையும் ஏத்திக்கிட்டு, இறங்குன்னு நீ சொன்னது பேசத் தெரிஞ்ச ஒரே ஆளப் பாத்துத்தான்.

சிலிண்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்றத ஒரே ஒரு தடவ செய். இந்த ஞாயித்துக்கிழம மூணு பொட்டியையும் கூடாரத்தையும் கழட்டி வீட்டுல வை. அவள மட்டும் உக்கார வச்சு அதே மேட்டுல ஏத்து. கியரக் குறைச்சுப் போட்டு நிதானமா ஏத்து, முன்னாடி எவன் போனாலும் போகட்டும். ஏறலன்னா எனக்கு எழுது, நானே அந்த ரேஸு கடைக்கு நடந்து போய் எந்தப் பிஸ்டன் நல்லதுன்னு கேட்டு உனக்கு எழுதுறேன், சத்தியம். ஏறிடுச்சுன்னா எனக்கு எழுத வேணாம், அவகிட்ட சொல்லு, கனம் நீ இல்ல, நான் கட்டி வச்ச மூட்டைதான்னு உன் வாயால சொல்லு. அன்னிக்கு ராத்திரி அவ தட்டுல நீயே போடு, அவ சாப்பிடுற வரைக்கும் பக்கத்துல உக்காரு.

அவளா எதையும் சொல்லல, நாந்தான் புடுங்குனேன், அதனால அவகிட்ட மூஞ்சியக் காட்டுனன்னா, அடுத்த வண்டிக்கே ஏறி அங்க வந்து நிப்பேன். ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம ஒண்ணா இருக்கணும், போற வழி எல்லாம் ஆண்டவன் துணையா வரணும். செயினுக்கு எண்ணெ போட மறக்காத, அவளுக்கும் உன் தலையில இருக்குற மாதிரி நல்ல ஹெல்மெட்டா வாங்கிக் குடு, போட்டோவுல அவ போட்டிருக்குறது உன் பழசு, அவ தலைக்கு லொடலொடன்னு இருக்கு.

உன்னப் பெறல, ஆனா திட்டுறதுக்கு முழு உரிமையும் உள்ள,
பெரியம்மா