நரகத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

என் அருமைச் சண்டைக்காரன் சூசைக்கு,

இருந்தவரை என் உயிரை வாங்கினாய், சரி. செத்த பிறகாவது விடுவாய் என்று பார்த்தால், உன்னால் நான் பைபிள் படிக்க வேண்டியதாகிவிட்டது. நான்! கருப்புச் சட்டை கண்ணையன்! கும்பகோணம் ரோட்டில் சைக்கிள் கடை போட்ட நாளிலிருந்து ஒரு சாமி படம்கூட மாட்டாதவன், பஞ்சர் ஒட்டுகிற பசைக் கையோடு வேதபுஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கட்சிக்காரர்கள் காற்றடிக்க வரும்போதெல்லாம், "என்ன கண்ணையா, எப்ப வேதத்துல சேரப்போறே? பேரு என்ன வச்சுக்கப்போறே?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம் உன் பெண்டாட்டி. லூர்து என்னை அண்ணே என்று கூப்பிடப்போய்த்தானே நீ எனக்கு மாப்பிள்ளை ஆனாய். இப்போது அவளை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ கடைசியாகப் படுத்திருந்தபோது சாமியார் வந்தாரே, அங்கிருந்துதான் வம்பு ஆரம்பம். பாவசங்கீர்த்தனம் செய், அறுப்பு நேரத்தில் ஆட்களைக் கிளப்பிவிட்டதையும் சேர்த்துச் சொல் என்றார். பேசவே மூச்சில்லாத நீ என்ன சொன்னாய்? "உக்காருங்க சாமி, மோர் குடிங்க. கூலி கேட்டது பாவம்னு மட்டும் என் வாயால வராது." அவர் மோரும் குடிக்கவில்லை, சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை உனக்குப் பூசவும் இல்லை. மறுநாள் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடாமல் வேலிக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாகப் புதைக்கச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. உனக்கும் இருந்திருக்காது. நல்ல காற்று வருகிற இடம். ஆனால் லூர்து நம்மைப் போலவா?

உன்னைப் புதைத்த கொஞ்ச நாளில், சாமியார் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, உபதேசியார் பிரசங்கம் செய்திருக்கிறார். நரகத்தில் ஒருத்தன் நாக்கு வறண்டு கிடக்கிறானாம். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து வைக்கச்சொல்லிக் கெஞ்சுகிறானாம். அதைக் கேட்டதிலிருந்து உன் பெண்டாட்டி தினம் உச்சி வெயிலில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் உன் குழிமேட்டில் ஊற்றுகிறாள். நான் தடுக்கப் போனால், "மண்ணு உறிஞ்சுறதைப் பாருங்கண்ணே. எவ்வளவு தவிப்பு இருந்தா இப்படி உறிஞ்சும்?" என்கிறாள். கோடையில் வெடித்துக் கிடக்கிற களிமண் வேறு எப்படி உறிஞ்சும், சொல்லு?

வாய்க்காலில் தண்ணீர் ஓடினவரை சும்மா விட்டேன். ஆற்றில் தண்ணீரை நிறுத்தினார்கள், வாய்க்கால் காய்ந்தது. இப்போது தெருக்கோடி பம்பிலிருந்து வரப்பு வரப்பாகச் சுமக்கிறாள். காலையில் உளுந்து பறிக்கப் போகிறவள், மத்தியானக் கஞ்சியை விட்டுவிட்டு இந்த வேலை. போன வாரம் வரப்பிலேயே மயங்கி விழுந்து, பக்கத்து வயல்காரன் தூக்கிக்கொண்டு வந்தான். இப்படியே போனால் உன் பக்கத்தில் இன்னொரு குழி வெட்ட வேண்டியதுதான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நரகம்னு ஒண்ணு கிடையாதும்மா, எல்லாம் கட்டின கதை" என்று எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! மேடையில் ஊரையே கைதட்ட வைத்த பேச்சு அவளிடம் எடுபடவில்லை. "உங்களுக்குத் தெரியாதுண்ணே, அது புஸ்தகத்துல இருக்கு" என்று முடித்துவிட்டாள். அந்தப் புஸ்தகத்தைத்தான் பார்த்துவிடுவோமே என்று உபதேசியாரிடம் கேட்டேன். ஆட்டுக்குட்டி தானாக வந்து பட்டியில் நுழைந்த மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

அடேயப்பா, சூசை! எவ்வளவு பெரிய புஸ்தகம், எவ்வளவு கோபக்கார சாமி! உலகத்தையே தண்ணீரில் மூழ்கடிக்கிறார். வெள்ளத்தில் கைக்குழந்தை என்ன தப்பு செய்தது என்று கேட்டால் உபதேசியார் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். "நம்ம நியாயம் வேற, ஆண்டவர் நியாயம் வேற, கண்ணையா." இந்தப் பதிலைத்தான் பெரிய வீட்டு மிராசும் உங்களுக்குச் சொன்னது! நெல் விலை ஏறினால் எங்களுக்கும் ஒரு படி ஏற்றித் தாங்க என்று நீங்கள் கேட்டபோது, பண்ணை நியாயம் உங்களுக்குப் புரியாது என்றுதானே சொன்னார்கள்?

நடுவில் ஒன்று படித்தேன், உனக்குப் பிடிக்கும். சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் வேலை பார்த்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுக்கிற தோட்டக்காரர் கதை. இதை நீ படித்திருந்தால் செங்கொடியைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய் நட்டிருப்பாய். உபதேசியாரிடம் காட்டினேன். அது மோட்சத்தைப் பற்றியது, கூலியைப் பற்றியது இல்லை என்றார். நரகத்து நெருப்பு மட்டும் அசல் நெருப்பு, தோட்டத்துக் கூலி மட்டும் உவமையா?

இப்படி நாள் தவறாமல் கடையில் சண்டை. ஒருநாள் அவரும் பொறுமை இழந்துவிட்டார். எனக்கு அது தேவைதான். "சரி கண்ணையா, தீர்ப்பு கிடையாது, நரகம் கிடையாது. அப்ப பெரிய வீட்டுக்காரரை யாரு கேள்வி கேக்கிறது? செஞ்சதையெல்லாம் செஞ்சிட்டுச் சுகமா தூங்கிட்டாருன்னு விட்டுர்றதா?" என்றார்.

உனக்கு இந்தச் சேதி தெரியாதே. பெரிய வீட்டுக்காரர் போய்விட்டார். உன்னை ஸ்டேஷனில் போட்டு நெஞ்சில் மிதிக்கச் சொன்ன அதே ஆள். அன்றைக்குப் பிடித்த இருமல்தானே உன்னைக் கொண்டுபோனது? அவர் சாமியார் கையால் எண்ணெய் பூசிக்கொண்டு, எல்லா மரியாதையோடும் போனார். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தில் பாதியைக் கோயில் பேரில் எழுதி, அதைத் தானே உழுதுகொண்டிருந்தவருக்குக் கல்லறைக்குள் முதல் இடம், சலவைக்கல் மேடை. உபதேசியார் அப்படிக் கேட்டதும், உன்னிடம் மறைப்பானேன், அந்த ஒரு ஆளுக்கு மட்டும் நரகம் இருந்தால் தேவலை என்று எனக்கும் தோன்றியது. தோன்றினதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. நாலு நாள் உபதேசியார் முகத்தில் முழிக்கவில்லை.

அப்புறம்தான் தேடினது கிடைத்தது. தண்ணீர் கேட்டவன் கதை. சூசை, உபதேசியார் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்! தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிறவன் பணக்காரன். பட்டு உடுத்தி, தினம் விருந்து சாப்பிட்டவன். அவன் வாசலில் புண்ணோடு கிடந்த ஏழைதான் செத்ததும் சுகமான இடத்துக்குப் போகிறான். அவன் பூசைக்குப் போனானா, பாவசங்கீர்த்தனம் செய்தானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையைப் பூட்டக்கூட இல்லை, புஸ்தகத்தோடு ஓடினேன்.

லூர்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். குடிசைக்கு அவள் பேரில் பட்டா வந்துவிட்டது, அதையும் சொல்ல மறந்தேனே. எங்கள் ஆட்சி கொடுத்தது என்று நானும், நாங்கள் அடிவாங்கியதால் கொடுத்தார்கள் என்று நீயும் சண்டை போட்டிருப்போம். அந்த வாசலில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். "பார்த்தியா? தண்ணி கேக்கிறது மிராசு. சூசை அந்தப் பக்கம், நல்ல இடத்துல இருக்கான். உன் புஸ்தகமே சொல்லுது" என்றேன். அவள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். முகம் தெளிந்தது. நீ செத்ததிலிருந்து அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப கேட்டவருக்குத் தண்ணி குடுத்தாங்களாண்ணே?" என்றாள்.

"இல்லம்மா. நடுவுல பெரிய பள்ளமாம். அங்கேருந்து இங்கே யாரும் தாண்ட முடியாதாம்."

"ஒரு சொட்டுதானே கேட்டாரு" என்றாள். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஒருவழியாகத் தீர்ந்தது என்று மறுநாள் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். கடை வழியாக அவள் குடத்தோடு போகிறாள்! சோற்றை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். உன் குழிமேட்டுப் பக்கம் அவள் இல்லை. வேலியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறாள். சலவைக்கல் மேடையில் ஊற்றியது நிற்காமல் வழிந்து ஓடியது. அவள் குனிந்து, ஓரத்து மண்ணைக் கையால் பறித்துக் குழியாக்கி, அதில் ஊற்றினாள்.

நான் கத்திவிட்டேன், சூசை. கல்லறை என்றுகூடப் பார்க்கவில்லை. "இவன் யாருன்னு தெரியுமா உனக்கு? என்ன செஞ்சான்னு தெரியுமா?"

"தெரியும்ணே. மிதி வாங்கி வந்த நெஞ்சுக்கு ஒத்தடம் குடுத்தவ நான்தானே" என்றாள். "எம் புருஷன் நல்ல இடத்துல இருக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க. இவரு புள்ளைங்க மெட்ராஸ்ல இருக்காங்க. இவருக்கு யாரு ஊத்துவா?"

என்ன சொல்வாய் நீ? எவ்வளவு பேச்சு பேசுவாய், இதற்கு ஒரு பதில் சொல்லேன். என் கோபம் ஆறவில்லை. அந்தப் பள்ளத்தை அந்தச் சாமியாலேயே தாண்ட முடியவில்லையாம், என் பகுத்தறிவும் இந்தக் கரையிலேயேதான் நிற்கிறது, இவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறாள். இதற்குப் புஸ்தகத்தில் இடம் உண்டா என்று உபதேசியாரிடம் கேட்டேன். தேடிச் சொல்கிறேன் என்றார். இன்னும் தேடுகிறார்.

நீ எங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைக் கேட்டுக்கொள். இனிமேல் அவள் வெயிலில் சுமக்க மாட்டாள். குடத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டி நான் கொண்டுபோவேன். அவளுக்கு முடியாத நாளில் அந்த ஆள் தலைமாட்டில் நானே ஊற்றுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை ஊற்றுவேன்.

லூர்துவுக்கு அண்ணனாகிப் போன உன் மச்சான்,
கண்ணையன்