வெந்நீர்க் குழாயின் திருகு

வெர்னாவுக்கு,

இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன், இன்று எழுதிவிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே வடக்கு டகோட்டாவில் பீட் கிழங்கு அறுவடை வேலை முடியப்போகிறது. சக்கரம் வைத்த நம் வண்டிவீட்டில் குளிர்தான் அதிகம், மற்றபடி நலம்.

இந்த வண்டிவீட்டுச் சமையலறைக் குழாயில் பச்சைத்தண்ணீர் கொட்டும், வெந்நீர் நூலாக ஒழுகும், நினைவிருக்கிறதா? உன் தம்பி கர்ட்டிஸ்தான் கெடுத்தான் என்றேன். “நான் தொடவே இல்ல மச்சான். படிச்ச முட்டாள்யா நீ” என்றான். இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை. ஜனவரியில் அவனைப் புதைத்தபோதும் நான் வரவில்லை.

நேற்று பக்கத்து வண்டிவீட்டு ஆர்லோ கொதிகலனுக்குப் பின்னால் தலையை நுழைத்தான். “வாத்தியாரே, குளிர்ல தண்ணி உறையாம இருக்க மூடின திருகு பாதிதான் திறந்திருக்கு. சீட்டு வேற தொங்குது, படிக்கத் தெரியாதா?” என்று சிரித்தான்.

‘வசந்தத்தில் முழுதும் திறக்கவும்’ என்றிருந்தது. மூடியதும் எழுதியதும் நான்தான்.

இப்போது வெந்நீர் கொட்டுகிறது. கை கழுவவும் பிடிக்கவில்லை. அவன் என்னை முட்டாள் என்றதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் சொன்னது உண்மை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. இதைக் கர்ட்டிஸின் மனைவிக்குப் படித்துக் காட்டு. மன்னிப்புக் கேட்கும் இந்தக் கடிதத்தின் அடியில் பெயர் போட மூன்று முறை முயன்றேன், கை வரவில்லை. அஞ்சல் வண்டி வந்துவிட்டது. பெயரில்லாமலே போடுகிறேன்.