கன்னத்தில் ஒதுக்கிய மிட்டாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அப்பா ஸ்பீக்கர் போட்டு உன்னோடு ஃபோனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து உன் சுகத்தைத் தெரிந்துகொள்கிறேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். போன வாரம் உன் குரல் கம்மியிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற தொண்டை, வெந்நீர் குடி.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், ஏதோ படியை நான்தான் கட்டினேன் என்பதுபோல.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாள் முன்பு ஒரு புதுத் தொடருக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். நம்ம ஆள் பாத்திரம் என்றார்கள், தாத்தா காலத்தில் இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நம் ஜனத்தில் ஒருத்தி. வேலைக்காரியா, திருடனுடைய அம்மாவா என்றுகூட நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வேறென்ன வந்திருக்கிறது? இந்த ஊர் நடிகைக்கு முகத்தில் மை பூசுவார்கள், குரலுக்கு என்னைப் பூசுவார்கள். அவ்வளவுதான் நம் பங்கு.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. முதல்முதலாகக் குரல் சோதனைக்குப் போனபோது, இந்த ஊர் மொழியில் ஒரு பக்கம் பிசிறில்லாமல் வாசித்தேன். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள், எனக்கு வராதா? இயக்குநர் முகம் சுளித்து, "நல்லாத்தான் பேசறீங்க, ஆனா உங்க ஆளுங்க மாதிரி இல்லையே" என்றார். வேலை போய்விடுமே என்று, பையிலிருந்த புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நாக்குத் தடுக்கப் பேசிக் காட்டினேன். கைதட்டினார். அன்று முதல் அந்த மிட்டாய் டப்பாதான் என் தொழில் கருவி. "வாயில என்ன கொழுக்கட்டையா" என்று அப்பாகூடக் கேலி செய்வார். நீ ஆசையாகக் கை நீட்டினால், "தொழிலுக்கு வெச்சிருக்கேன், தொடாதே" என்று தட்டிவிடுவேன். ஞாபகம் இருக்கிறதா?

அன்றும் பழக்கதோஷத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டுதான் கண்ணாடி அறைக்குள் போனேன். ஆரம்பித்த இடத்திலேயே மூன்று தடவை நிறுத்திவிட்டார் ஒலிப்பதிவாளர். இந்த ஊர்க்காரர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். ஊசி விழுந்தாலும் கேட்டுவிடும் என்பதால் நான் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவேன். கடைசியில் எழுந்து உள்ளேயே வந்துவிட்டார். "அக்கா, இவங்க கணக்கு டீச்சர். எங்கிட்ட பேசுற மாதிரியே பேசுங்களேன்" என்றார்.

அதற்கப்புறம்தான் கையிலிருந்த தாளை ஒழுங்காகப் படித்தேன். வகுப்பில் ஒரு பென்சில் பெட்டி காணோம். எல்லாரும் நம்ம ஆள் பிள்ளை ஒருத்தியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். டீச்சர் சொல்கிறார்: "முதல்ல எல்லாரும் உட்காருங்க. பெட்டியைத் தேடுவோம், ஆளைத் தேட வேண்டாம்."

எழுதிய பெண்ணும் நம்ம ஆள்தானாம். அவளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ பள்ளியில் படித்த காலத்தில், உன் வகுப்பில் ஏதாவது காணாமல் போனால் பிள்ளைகள் உன்னைச் சுற்றி நின்று, "நான் எடுக்கலேம்மா, சத்தியமா எடுக்கலேம்மா" என்று என் வேலைக்காரிக் குரலில் இழுப்பார்கள் என்று நீ அழுதாய். தலைமையாசிரியையிடம் வந்து பேசச் சொன்னாய். வந்தேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "அந்தக் குரல் நீங்கதானா? ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன்" என்றார். நானும் பேசிக் காட்டினேனே! பன்னிரண்டு வயதுப் பிள்ளை நீ பக்கத்தில் நின்றாய். அந்தம்மா சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பி வரும்போது நீ என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. விளையாட்டுக்குத்தானே என்று அப்போது உன்னைச் சமாதானப்படுத்தினேன். விளையாட்டில்லை, கண்ணு. எனக்கு அப்போதே தெரியும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே மிட்டாயைத் துப்பினேன். வெறும் வாயோடு ஒலிவாங்கி முன்னால் நின்றால் எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஃபோனில் உன் மாணவர்களைப் பற்றி நீ அப்பாவிடம் சொல்வாயே, அதட்டாமல், அவசரப்படாமல், அதை நினைத்துக்கொண்டேன். அந்தக் குரலிலேயே பேசினேன். காதுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

தயாரிப்பாளர் வந்து கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். பழைய மாதிரி கொஞ்சம் இழுத்துப் பேசினால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றார். இதுவும் போனால் இந்த வயதில் யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும், "டீச்சர் அப்படிப் பேச மாட்டாங்க" என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். "என் பொண்ணு டீச்சர்" என்றேன். காதுக்காரரும், இதைவிட நன்றாக இனி வராது என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை மகராசனாக இருக்க வேண்டும். என் வாயிலிருந்ததைத் துப்பச் சொல்ல இத்தனை வருஷத்தில் அவர் ஒருவர்தான் வந்தார்.

இல்லை, உனக்குப் பிறகு அவர். நீ எட்டு வயதிலேயே கேட்டாய், வீட்டில் பேசுகிற மாதிரி டிவியில் ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். இருபது வருஷம் பிந்திவிட்டது. உன்னைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்ட உன் குரலுக்கும் நன்றி. நீ படித்துப் படித்துச் சம்பாதித்த குரல் அது. அதனால் எனக்குக் கிடைத்த மரியாதை உன்னுடையது.

வியாழக்கிழமை தொடர் வருகிறது. முடிந்தால் கேள். படத்தைப் பார்க்க வேண்டாம், காதை மட்டும் கொடு. சரியில்லை என்று தோன்றினால் ஃபோன் செய்து என்னைத் திருத்து. அப்பாவுக்கு இல்லை, எனக்கு.

இத்துடன் மிட்டாய் டப்பாவை அனுப்பியிருக்கிறேன். பாதிக்கு மேல் இருக்கிறது. இனி தொழிலுக்கு வேண்டாம். எல்லாம் உனக்குத்தான், எடுத்துக்கொள்.

நூறு வயசு நன்றாக இரு.

உன் கையைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும்
அம்மா