மான் தோட்டா

ஜூன் 21
குதிரையளவு பெரிய மான் இனமான எல்க்கை வேட்டையாட அனுமதிச் சீட்டு விழுந்துவிட்டது. இத்தனை வருடம் குலுக்கலில் என் கணவர் ஆரினுடைய பெயர் வரவே இல்லை. புற்றுநோய் அவர் எலும்புக்குள் இறங்கிய பிறகு வருகிறது. என்ன கண்றாவி அதிர்ஷ்டம்!

அக்டோபர் 6
சமையலறை மேஜையில் இரண்டு தோட்டாப் பெட்டிகள். கனமானது எல்க்குக்கு, எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். லேசானது சாதாரண மானுக்கு, பட்டதுமே சிதறும். கனமானதை ஒரு தடவை சுட்டுப் பார்த்தார். துப்பாக்கி உதைத்த உதையில் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார்.

"மான் தோட்டாவே போதும், மார்லிஸ். கிட்டப் போய் விலாவுல மட்டும் சுடறேன். தோள் எலும்புப் பக்கமே போக மாட்டேன்."

"எல்க் என்ன உங்க மச்சானா, சொன்ன எடத்துல நிக்க?"

சிரித்தார். சீட்டு அவர் பெயரில். நான் சுட முடியாது. அதற்கு மேல் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டுமோ?

அக்டோபர் 19
அவர் சுட்ட நொடியில் எல்க் திரும்பியது. தோளில்தான் பட்டது — விழுந்து, எழுந்து, மூன்று காலில் ஓடியது. பாறைமேட்டில் ரத்தத் தடம் நின்றுபோனது.

"அந்த ஓடை வரைக்கும் பாத்துடலாம்."

"நிக்கவே முடியல உங்களால! வாங்க வீட்டுக்கு."

இழுத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 20
ராத்திரி பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. நானும் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட்டும் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். வீட்டில் ஆரின், கத்தியால் சீட்டில் தேதியை வெட்டிக்கொண்டிருந்தார். மிருகம் கிடைத்தவர்கள்தான் அப்படி வெட்டுவார்கள்; வெட்டினால் சீட்டு செல்லாது.

"யோவ், சீசன் இன்னும் கெடக்கு. யாருய்யா பாத்தா?" என்றான் டெல்பர்ட்.

"சுட்டவன் நான். என் எல்க் முடிஞ்சுது."

நவம்பர் 11
டெல்பர்ட் தன் எல்க்கில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான். வறுத்து வைத்தேன். ஆரின் தட்டைத் தள்ளிவிட்டார்.

ஜனவரி 30
"பொழைச்சிருக்குமா?" இன்றும் அதே கேள்வி.

ஏப்ரல் 22
பனி உருகியதும் போனேன். அவர் சொன்ன அதே ஓடை. எலும்புகள். தோள்பட்டை நொறுங்கி, அதில் தோட்டாவின் செம்புச் சில்லுகள். பக்கத்துச் செடிகளில், படுத்தபடி கழுத்து எட்டிய உயரம் வரை பட்டையைக் கடித்துத் தின்றிருக்கிறது. உடனே சாகலையே, கடவுளே... எத்தனை நாள் கிடந்ததோ. நான்தானே திரும்பக் கூட்டிவந்தேன்.

கட்டிலிலிருந்து கேட்டார்: "கெடச்சுதா?"

"ஒண்ணுமே இல்ல. மலையத் தாண்டிப் போயிருக்கும். மந்தையில ஒரு நொண்டி எல்க் நிக்குதுன்னு டெல்பர்ட் சொன்னான்."

"படவா! கெட்டி உசுரு அதுக்கு."

அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, எல்க் கறி இருக்கிறதா, சூப் வைத்துத் தருவாயா என்று கேட்டார்.

டெல்பர்ட் கொடுத்ததை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.