நீ ரியோவைக் கண்டதேயில்லை

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. பிரித்ததும் அச்சு மை மணந்தது. பாசமிகு மனைவி, அன்புத் தாய், தேவாலயப் பாடகர் குழு உறுப்பினர். எல்லாம் சரி. டிரம்ஸ் எங்கே? உன் கணவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன்.

“அதெல்லாம் கலியாணத்துக்கு முந்தின கதையள் அக்கா. இப்ப ஏன் கிளறுவான்?” என்றார்.

கிளறத்தான் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நீயும் நானும் ஏவன்டேல் புறநகரில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். பிளாஸ்டிக் டப்பாக்களைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் ஒரே மேசையில் வேலை. அடுத்த மேசையில் பிரேசிலிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும். தம்பி ராப் பாடுவான், அண்ணன் பேஸ் கிட்டார் வாசிப்பான். ஒரு தேநீர் இடைவேளையில் நீ கவிழ்த்த வாளியில் இரண்டு கரண்டிகளால் தட்டினாய். அண்ணன் தேநீரை மறந்து நின்றுவிட்டான். எங்கே பழகினாய் என்று கேட்டதற்கு, மன்னாரில் கன்னியர் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் என்றாய். அடுத்த சனிக்கிழமை அவர்களுடைய கராஜில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய்.

முதலில் ஞாயிற்றுச் சந்தையில், காய்கறிக் கடைகளுக்கு நடுவே வாசித்தீர்கள். பிறகு மாணவர் வானொலி கூப்பிட்டது. ஒரு வருடத்துக்குள் நகரத்து மண்டபங்களின் வாசலில் வரிசை நின்றது. நம்மவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பொம்பிளைப் பிள்ளை காலை அகட்டிக்கொண்டு மேளமடிக்குது!” பூசை முடிந்த கையோடு, என் காதுபடவே.

அப்புறம் குழுவுக்கு ஒரு மேலாளர் வந்தான். பிரேசில் குழுவில் பிரேசில் பெண்தான் இருக்க வேண்டுமாம். சுவரொட்டியில் உன்னை ‘ரியோவின் லூசியா’ ஆக்கினான். மேடையில் வாய் திறக்காதே என்றான். சிரித்துச் சமாளித்தாய். ஆனால் பாட்டுக் கசெட் வெளிவந்தபோது அட்டையிலும் அதே பெயர். நீ அப்போது சிரிக்கவில்லை.

“எனக்கு அப்பா வச்ச பேர் இருக்கெல்லோ,” என்றாய்.

தொலைக்காட்சிப் பேட்டியில், ரியோவை நினைத்து ஏங்குகிறாயா என்று உன்னைக் கேட்டார்கள். நான் ரியோவைக் கண்டதேயில்லை, மன்னார்த் தமிழச்சி என்று நிமிர்ந்து சொன்னாய். மறுநாளே மேலாளர் உன்னை நீக்கினான். தம்பி கத்தினான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு பேருமே அவனுடைய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு சிட்னிக்குப் பறந்தார்கள். வானொலியில் உன் டிரம்ஸ். படங்களில் உன் இடத்தில் வேறொருத்தி. அங்கே குழு இன்னும் உயர்ந்தது. நீ பொதி மேசைக்குத் திரும்பினாய்.

அவர்கள் சுவரொட்டியில் உன் ஊரை அழித்தார்கள். உன் வீட்டார் நினைவு மலரில் உன் கைகளையே அழித்துவிட்டார்கள். யாரை முதலில் திட்டுவது?

நேற்று மாலையே த்ரீ கிங்ஸில் உன் மகள் வேலை செய்யும் கடைக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். “அம்மாவா? டிரம்ஸா?” என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு உன்னைப் போலவே மூக்கு சிவக்கக் கோபப்பட்டாள்: “ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?” ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளை, இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

அவளிடம் ஒன்றை மட்டும் மறைத்தேன். உன்னை நீக்கிய அன்று, வீட்டுக்கு வந்த உன்னிடம் நான் சொன்னதை. “வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமேடி?”

நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்: “இருந்திருந்தா, நீ என்னை என்னெண்டு கூப்பிட்டிருப்பாய்?”